இரண்டாம் அறையில் அமிலம் இல்லை

தம்பி தங்கச்சிமாரே, ஓய்வு பெற்று வீட்டில் இருந்த என்னை நீங்கள்தான் கூப்பிட்டீர்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்காக உங்கள் பணி அனுபவம் ஒன்றை எழுதித் தாருங்கள், சுவாரசியமாக இருக்கட்டும் என்றீர்கள். எழுதுகிறேன். சுவாரசியத்துக்கு நான் பொறுப்பில்லை.

போன கிழமை உங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தேன் அல்லவா? அப்போது ஒரு மருந்துக்கடைப் பெண் தொலைபேசியில் அழைத்தார். அலுமாரியில் கண்முன்னால் இருக்கிற மருந்தை உங்கள் நிரல் இல்லை என்று காட்டுகிறது என்று முறையிட்டார். உங்களில் ஒருவர், பெயர் வேண்டாம், நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, "மேடம், சிஸ்டம் இல்லையெண்டு காட்டினா இல்லைதான்" என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தீர்கள். அந்த ஆள் முதலில் அந்தப் பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்து மன்னிப்புக் கேட்டுவிட்டு வரட்டும். அதற்குப் பிறகு இதைப் படித்தால் போதும்.

நான் அன்று பையை எடுத்துக்கொண்டு வெள்ளவத்தைக்குப் பஸ் ஏறிவிட்டேன். கோபம் இன்னும் இறங்கவில்லை. அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன்.

இன்னொரு விஷயமும் உண்டு. உங்கள் குழுவில் இப்போது ஃபங்ஷனல் முறை என்று ஒரு பெருமை ஓடிக்கொண்டிருக்கிறது. ஒரு தரவை ஒருபோதும் மாற்றாதே, மாற்ற வேண்டுமானால் புதிதாக ஒன்றை உருவாக்கு, பழையது அப்படியே இருக்கட்டும். இதை ஏதோ நேற்று உங்கள் வீட்டு மாடியில் கண்டுபிடித்தது போல எனக்கு வகுப்பு எடுத்தீர்கள். நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன். பிள்ளைகளே, எண்பதுகளில், கொழும்பில், கொட்டாஞ்சேனையில், தொலைக்காட்சியில் செருகி ஓட்டுகிற ஒரு வீட்டுக் கணினியில் நான் லிஸ்ப் எழுதினேன். அந்த மொழி கசட்டில் வந்தது. பாட்டுக் கேட்கிற கசட் ரெக்கோடரில் போட்டு ஓடவிட்டால், கீச்சென்று சில நிமிடம் கத்திவிட்டுக் கணினிக்குள் ஏறும். பாதி வழியில் கசட்டின் ரேப் நாடா சிக்கினால் முதலிலிருந்து. உங்கள் கைத்தொலைபேசியில் ஒரு படம் பிடிக்கிற இடம்கூட அதன் நினைவகத்தில் இல்லை. அதற்குள்ளேதான் ஒரு களஞ்சியத்தையே அடக்கினேன்.

களஞ்சியம் கொட்டாஞ்சேனையிலிருந்து முகத்துவாரத்துக்கு இறங்குகிற வீதியில் இருந்தது. துறைமுகத்தில் இறங்கும் சாமான்களை எடுத்து வைத்துப் பிறகு லொறிகளில் அனுப்புவதுதான் தொழில். பெயிண்ட், கயிறு, சாக்கு, இறப்பர் பாலை உறைய வைக்கிற போர்மிக் அமிலம், நீர்த்தாங்கிகளில் போடுகிற குளோரின் தூள், எல்லாம் வரும். மூன்று பெரிய அறைகள். எந்தச் சாமானை எதற்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது என்பதற்கு ஒழுங்குவிதிகள் உண்டு. அதில் முதலாவது விதி, அமிலம் இருக்கிற அறையில் குளோரின் தூளை வைக்காதே. இரண்டும் சேர்ந்தால் விஷவாயு வரும்.

முதலாளி வெள்ளவத்தைக்காரர், எங்கள் வீட்டு ஒழுங்கைக்கு அடுத்த ஒழுங்கையில் அவர் வீடு. அவருடைய மைத்துனர் இலண்டனிலிருந்து அந்தக் கணினியைக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். பிள்ளைகள் விளையாடி அலுத்த பிறகு அது களஞ்சியத்துக்கு வந்தது. அதோடு வந்த பெட்டியில் லிஸ்ப் கசட்டும் ஒரு மெல்லிய கையேடும் கிடந்தன. நான் கணிதத்தில் பட்டம் எடுத்துவிட்டு அங்கே கடிதம் தட்டச்சு செய்துகொண்டிருந்தவள். கையேட்டை இரண்டு கிழமையில் மனப்பாடமாக்கினேன். மூன்று அறைகளுக்கும் மூன்று பட்டியல்கள், ஒழுங்குவிதிகளுக்கு ஒரு தொகுதி. "இந்தச் சாமானை எங்கே வைக்கலாம்?" என்று கேட்டால் திரையில் அறை இலக்கம் வரும். முதல் தடவை சரியான பதில் வந்தபோது எனக்கு வந்த தலைக்கனத்தை இன்றைக்கு நினைத்தாலும் கூச்சமாக இருக்கிறது.

நினைவகம் சிறியது என்றேன். அதனால் ஒரு கெட்டித்தனம் செய்தேன். முதலாம் அறையிலும் இரண்டாம் அறையிலும் கயிறு, அமிலம், சாக்கு ஆகிய மூன்றும் இருந்தன. ஒரே வரிசையை ஏன் இரண்டு தடவை எழுத வேண்டும்? இரண்டு பட்டியல்களின் தலையும் வேறு, கடைசிப் பகுதி மட்டும் பொது. வெள்ளவத்தையில் இரண்டு ஒழுங்கைகள் வந்து, காலி நகருக்குப் போகிற ஒரே காலி வீதியில் ஏறுவது போல. இதில் ஆபத்தே இல்லை, ஏனென்றால் இந்த முறையில் யாரும் எதையும் அழிப்பதில்லை. முதலாம் அறையிலிருந்து ஒரு சாமான் வெளியே போனால், அந்தச் சாமான் இல்லாத புதுப் பட்டியல் ஒன்றை நிரல் கட்டும். பழைய பட்டியலில் கை வைக்காது. இரண்டாம் அறைக்கு ஒன்றும் ஆகாது.

ஒரே ஒரு தொல்லை. புதுசு புதுசாகக் கட்டிக்கொண்டே போனால் நினைவகம் நிரம்பும். நிரம்பியதும் கணினி எல்லா வேலையையும் நிறுத்திவிட்டு, வேண்டாத பழைய பட்டியல்களைக் கூட்டி ஒதுக்கும். அது முடியும்வரை திரை உறைந்து நிற்கும். விசையை எவ்வளவு அமர்த்தினாலும் அசையாது. நான் அதற்குள் ஒரு தேநீர் குடித்துவிட்டு வருவேன். எனக்கு அது ஒரு குறையாகவே படவில்லை.

முதலாளிக்குப் பட்டது. ஒரு நாள் கப்பல் முகவர் ஒருவரை அழைத்துவந்து, "இலங்கையிலேயே எங்களிட்டத்தான் இப்படி ஒண்டு இருக்கு" என்று பீற்றிக்கொண்டு திரைக்கு முன்னால் நிறுத்தினார். நான் கேள்வியைத் தட்டினேன். திரை உறைந்தது. முகவர் காத்திருந்தார். கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு சிரித்தார். அவர் போனதும் முதலாளி என் மேசைக்கு வந்தார்.

"என்ன பிள்ளை, உம்மட மெஷின் நித்திரை கொள்ளுதோ?"

"இல்லை சேர், அது பழைய குப்பையைக் கூட்டுது. கொஞ்சம் பொறுத்தா..."

"அந்தாள் என்ரை முகத்துக்கு நேரை சிரிச்சிட்டுப் போறான். திங்கட்கிழமைக்கு முதல் உது நிக்காமல் ஓட வேணும். இல்லாட்டிப் பழையபடி கொப்பியில எழுதுவம். நீரும் வேற இடம் பாரும்."

அந்த வருடங்களில் கொழும்பில் ஒரு தமிழ்ப் பெண் வேறு இடம் பார்ப்பது எவ்வளவு லேசான காரியம் என்று உங்கள் அம்மாமாரைக் கேளுங்கள். ஆனால் நான் பயத்தில் மட்டும் செய்யவில்லை. ரோசத்திலும் செய்தேன். என் நிரலைப் பார்த்து ஒருவன் சிரித்துவிட்டான் என்கிற ரோசம்.

சங்கிலி போன்ற பட்டியலின் கண்ணியைப் பிடித்து அந்த இடத்திலேயே வெட்டி ஒட்டுகிற கட்டளை ஒன்றும் லிஸ்ப்பில் இருந்தது. கையேட்டில் அதற்குக் கீழே எச்சரிக்கையும் இருந்தது. எச்சரிக்கை மற்றவர்களுக்கு என்று நினைத்தேன். நீங்களும் அப்படித்தான் நினைக்கிறீர்கள், எனக்குத் தெரியும். புதுப் பட்டியல் கட்டுகிற இடங்களையெல்லாம் எடுத்துவிட்டு, நேரடியாக வெட்டும் கட்டளையைப் போட்டேன். சோதித்தும் பார்த்தேன். சோதனைக்காக மூன்று அறைகளின் சாமான்களையும் தனித்தனியாகத் தட்டினேன். பொதுப் பகுதி எதுவும் இல்லாத பட்டியல்கள். எல்லாம் சரியாக வந்தது. குப்பை சேரவில்லை, திரை உறையவில்லை. முதலாளி மகிழ்ந்து எல்லோருக்கும் ரோல்ஸும் தேநீரும் வாங்கித் தந்தார்.

அடுத்த கிழமை ஒரு நாள் காலையில், முதலாம் அறையில் இருந்த அமிலக் கேன்கள் முழுவதும் களுத்துறைப் பக்கத்து இறப்பர் தோட்டம் ஒன்றுக்கு லொறியில் போயின. முதலாம் அறைப் பட்டியலிலிருந்து அமிலத்தை வெட்டு என்று கட்டளை கொடுத்தேன். வெட்டியது. அது வெட்டியது காலி வீதியை, இரண்டு பட்டியல்களுக்கும் பொதுவான பகுதியை. இரண்டாம் அறையின் பட்டியலிலும் அமிலம் காணாமல் போனது. இரண்டாம் அறைக்குள்ளே, சாக்குக் கட்டுகளுக்குப் பின்னால், அமிலக் கேன்கள் இருந்த இடத்திலேயே இருந்தன.

மத்தியானம் குளோரின் தூள் பீப்பாய்கள் வந்தன. எங்கே வைக்கலாம் என்று கேட்டேன். முதலாம் அறையில் பெயிண்ட் இருந்ததால் விதிப்படி அது ஆகாது. கண் மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது, இரண்டாம் அறை.

மூட்டை தூக்குகிற நாட்டாமிகள் ஒன்பது பேர் எங்களிடம் இருந்தார்கள். அவர்களுக்குத் தலைவர் சன்னாசி. ஹற்றன் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்து முகத்துவாரத்தில் குடியிருந்தவர். என்னைவிட இரண்டொரு வயதுதான் கூட இருக்கும். அறை இலக்கத்தைச் சொன்னதும் அவர் பீப்பாயை இறக்காமல் என் மேசைக்கு வந்தார்.

"மிஸ், ரெண்டாம் ரூம்ல ஆசிட்டு இருக்குதுங்களே."

நான் மறுபடியும் தட்டிப் பார்த்தேன். இரண்டாம் அறையில் அமிலம் இல்லை என்றது திரை.

"இல்லை, காலமை போயிட்டுது."

"போனது ஒன்னாம் ரூமுங்க. ஒரு நிமிசம் வந்து பாருங்களேன், மிஸ். சாக்குக்குப் பின்னால இருக்குது."

முதலாளி பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். வாசலில் லொறிக்காரன் ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தான். இப்போது நான் செய்ததைக் கவனமாக வாசியுங்கள். நான் எழுந்து போய்ப் பார்க்கவில்லை. முற்றத்தில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிக் கத்தினேன்.

"ரெண்டு தரம் பாத்திட்டன். இல்லையெண்டா இல்லை. மெஷினுக்குத் தெரியாதது உமக்குத் தெரியுமோ? எழுத்துக்கூட்டத் தெரியாத நீர் எனக்குப் படிப்பிக்க வாறீர்!"

முதலாளி, "சொன்னதைச் செய்யும்!" என்றார்.

சன்னாசி என்னைப் பார்த்தார். பிறகு திரும்பிப் போய் மற்ற எட்டுப் பேரிடமும் ஏதோ சொன்னார். அவர்கள் வாசலோடு நின்றுவிட்டார்கள். அவர் மட்டும் ஒவ்வொரு பீப்பாயாகத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்வந்தார். இவர்கள் ஏன் சும்மா நிற்கிறார்கள் என்று எனக்கு அதற்கும் சேர்த்து எரிச்சல் வந்தது.

ஐந்தாவதோ ஆறாவதோ பீப்பாயின் மூடி சரியில்லை. தூள் கொட்டிற்று. ஒரு கேன் ஏற்கெனவே கசிந்துகொண்டிருந்தது. மேசையில் இருந்த எனக்கே முதலில் மூக்கு எரிந்தது, பிறகு கண். அறைக்குள்ளிருந்து பச்சை மஞ்சளாக ஒன்று தரையோடு தரையாக வந்தது. சன்னாசி தவழ்ந்துகொண்டு வெளியே வந்தார். வாயிலிருந்து நுரை. அவருடைய ஆட்கள் அவரை ஒரு முச்சக்கர வண்டியில் போட்டு வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடினார்கள். நான் தெருவில் நின்று இருமிக்கொண்டிருந்தேன். வேறொன்றும் செய்யவில்லை.

உயிர் தப்பிவிட்டார். ஆனால் நெஞ்சு திரும்பி வரவில்லை. பத்துப் படி ஏறினால் நின்று மூச்சு வாங்குவார் என்றார்கள். மூட்டை தூக்குகிற மனிதனுக்கு அதற்கு மேல் என்ன போக வேண்டும்?

வீட்டில் உட்கார்ந்து பென்சிலால் கட்டங்களும் அம்புக்குறிகளும் வரைந்து பார்த்து, பிழை எங்கே என்று இரண்டு நாளில் கண்டுபிடித்தேன். என் பிழை. மொழியின் பிழை அல்ல, கணினியின் பிழை அல்ல. மாற்றமாட்டேன் என்று வாக்குக் கொடுத்ததால்தான் பொதுவாக வைக்க முடிந்தது. வாக்கை மீறினேன், பொதுவாக வைத்ததைப் பிரிக்க மறந்தேன். இன்றைக்கும் உங்கள் நிரல்களை வாசிக்கும்போது இதே பிழையை வேறு வேறு உடுப்பில் பார்க்கிறேன். வேகமாக ஓடுகிறது என்று ஒருவன் வந்து சொன்னால், அவன் எந்த வாக்கை மீறினான் என்றுதான் நான் முதலில் தேடுவேன்.

பிறகு விசாரணை வந்தது. தொழில் திணைக்கள அதிகாரி ஒருவர் களஞ்சியத்துக்கே வந்தார், சிங்களவர், கண்ணியமான மனிதர். அவர் வருவதற்கு முதல் முதலாளி என்னைக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டினார். கணினி மூன்றாம் அறை என்றுதான் சொன்னது, சன்னாசி நடை மிச்சம் பிடிப்பதற்காக இரண்டாம் அறையில் வைத்தார் என்று தட்டச்சு செய்திருந்தது. கீழே என் பெயர். கையொப்பத்துக்கு இடம்.

"திரையில வந்ததுக்கு என்ன சாட்சி, பிள்ளை? அது அப்பவே அழிஞ்சு போச்சு. கையெழுத்தை வையும்."

வைத்திருந்தால் சன்னாசிக்கு அன்றோடு வேலை இல்லை. கட்டளையை மீறி நாசம் செய்தவர் என்ற பெயரோடும் அந்த நெஞ்சோடும் அவரை இந்த ஊரில் யார் வேலைக்கு எடுப்பார்கள்? வைக்காவிட்டால் எனக்கு வேலை இல்லை. நான் தாளை மடித்து மேசையில் வைத்தேன். துணிச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். அந்தப் பொய்க்குக் கீழே என் பெயர் இருப்பது பிடிக்கவில்லை, அவ்வளவுதான்.

அதிகாரி வந்து உட்கார்ந்ததும் கசட்டை எடுத்தேன். விபத்து நடந்த அன்று காலையில், அமிலத்தை வெட்டுவதற்கு முதல், பட்டியல்களை அவற்றின் பொதுப் பகுதியோடு அப்படியே ரேப்பில் பதிந்து வைத்திருந்தேன். அது கீச்சிட்டுக்கொண்டு ஏறியது. சன்னாசி மூலையில் ஒரு கதிரையில் இருந்தார், அவருடைய மூச்சுச் சத்தமும் கேட்டது. இரண்டாம் அறையில் என்ன இருக்கிறது என்று கேட்டேன், பட்டியலில் அமிலம் இருந்தது. முதலாம் அறையிலிருந்து அமிலத்தை வெட்டினேன். இரண்டாம் அறையை மறுபடியும் கேட்டேன், அமிலம் இல்லை. குளோரின் தூளை எங்கே வைக்கலாம் என்று கேட்டேன், இரண்டாம் அறை.

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஆயெத் பென்னன்ன" என்றார். இன்னொரு தடவை காட்டச் சொன்னார். காட்டினேன். இது என் பிழை, நாட்டாமிகள் கணினி சொன்னபடிதான் வைத்தார்கள் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். சன்னாசியிடம் இரண்டொரு கேள்வி கேட்டார். அவர் தலையை மட்டும் ஆட்டினார். மற்ற எட்டுப் பேரை யாரும் உள்ளே கூப்பிடவில்லை.

சன்னாசி மேல் பிழை இல்லை என்று முடிவாயிற்று. வாசலில் உட்கார்ந்து லொறிகளின் வரவு போக்கைப் பார்க்கிற வேலையை அவருக்குக் கொடுக்க வேண்டும் என்று அதிகாரி எழுதிவிட்டுப் போனார். முதலாளி என்னை அடுத்த நாள் வர வேண்டாம் என்றார். நான் பையை எடுத்துக்கொண்டு முற்றத்துக்கு வந்தேன். மனதுக்குள் ஒரு நிம்மதி. ஒளிக்காமல் சொல்கிறேன், நிம்மதி மட்டுமல்ல, ஒரு பெருமிதமும் இருந்தது. வேலையை விட்டெறிந்து உண்மையைச் சொன்னவள் அல்லவா?

சன்னாசி சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் அவரிடம் போனேன்.

"என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நீங்கள் என்னை நம்பித்தானே உள்ளுக்குப் போனனீங்கள்."

அவர் முகம் மாறியது. அவர் கோபப்பட்டு நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

"நம்பியா? யாரு மிஸ் நம்புனா? அந்தக் கேனெல்லாம் எங் கையால அடுக்குனது. அங்க இருக்குன்னு எனக்குத் தெரியாதா?" மூச்சு வாங்க நின்றார். "நீங்க கத்துனீங்க. மொதலாளி பக்கத்துல நிக்கிறாரு. மாட்டேன்னு சொன்னா ஒம்பது பேருக்கும் அன்னைக்கே வேல போயிரும். அதான் மத்த ஆளுகள வெளிய நிக்கச் சொல்லிட்டு நா மட்டும் போனேன்."

அவர் இருமி முடித்துவிட்டு மறுபடியும் சொன்னார்.

"மெசினு தப்பு சொன்னுச்சுன்னு உள்ளுக்குச் சொன்னீங்க. சரிங்க. நா வந்து சொன்னத சொன்னீங்களா? நீங்க கத்துனத சொன்னீங்களா?"

அவர் அறிந்தே போனார் என்று தெரிந்தால் பிழை அவர் மேல் திரும்பிவிடும், அதனால்தான் நான் அதைச் சொல்லவில்லை என்று பிற்காலத்தில் எனக்கே கதை விட்டுக்கொண்டேன். பொய். அவர் அறிந்து போனார் என்பதே எனக்கு அந்த முற்றத்தில்தான் தெரியவந்தது. நான் சொல்லாததற்குக் காரணம் வெட்கம். நிரல் பிழை விட்டது என்று ஒரு கூட்டத்தில் சொல்வது லேசு, அதைக் கேட்டு மதிப்பார்கள். ஒரு மனிதன் வந்து பார்க்கச் சொன்னபோது அவன் படிப்பைச் சொல்லி அவமானப்படுத்தினேன் என்று சொன்னால் யாரும் மதிக்கமாட்டார்கள்.

அதற்குப் பிறகு எத்தனையோ அலுவலகங்களில் வேலை செய்தேன். பட்டியல்களின் பொதுப் பகுதியைப் பற்றி எத்தனையோ பேருக்கு வகுப்பு எடுத்தேன், இந்தக் களஞ்சியத்தை உதாரணம் காட்டினேன். ஒவ்வொரு தடவையும் கணினி இரண்டாம் அறை என்று சொன்ன இடத்தோடு கதையை நிறுத்திவிடுவேன். எல்லோரும் நல்ல பாடம் என்று குறிப்பெடுத்துக்கொள்வார்கள்.

அந்த அதிகாரியிடம் சொல்லாததை உங்களிடம் எழுத்தில் தருகிறேன். சன்னாசி என்னிடம் வந்து அமிலம் இருக்கிறது என்றார். வந்து பாருங்கள் என்றார். நான் போகவில்லை. கத்தினேன்.